வாசகர் கேள்வி: இருவர் சேர்ந்து எழுதிய நாவலை எந்தப் பதிப்பகத்திடம், எப்படிக் கொடுப்பது?

கேள்வி (சுருக்கி வெளியிடப்படுகிறது): நான் காங்கயம் வட்டத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருக்கிறேன். என் அத்தை மகன் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறார். இருவரும் சேர்ந்து சில ஆண்டுகளாக ஒரு ஃபேன்டஸி நாவலை எழுதி வருகிறோம். மணி கோக்கும் கைவினைஞர்கள் வாழும் ஓர் ஆற்றங்கரை நகரம், கற்களுக்குள் அடைபட்டிருக்கும் சக்தி, அதை ஆளத் துடிக்கும் மூன்று குடிகள் என்று மூன்று பாகங்களாகத் திட்டம். முதல் பாகம் 1,40,000 சொற்களில் முடிந்துவிட்டது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. ஓர் அத்தியாயம் நான் எழுதினால் அடுத்தது அவர் எழுதுவார். வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்திக்கொள்வோம். ஒரு பதிப்பகம் 1,30,000 ரூபாய் கொடுத்தால் 300 பிரதிகள் போட்டுத் தருவதாகச் சொல்கிறது. கொடுக்கலாமா? பெரிய பதிப்பகங்களை எப்படி அணுகுவது? அட்டையில் யார் பெயர் முதலில் வர வேண்டும்? எழுத்து மூலம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார். மாப்பிள்ளையிடம் போய் அதை எப்படிக் கேட்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காங்கயம் வட்டம்

பதில்: அன்புடையீர், உங்கள் கடிதத்தையும் உடன் அனுப்பியிருந்த முதல் ஆறு அத்தியாயங்களையும் படித்தேன். நீங்கள் கடைசியாகவும் தயக்கத்தோடும் கேட்டிருப்பதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். சேர்ந்து எழுதியவர்களின் நூல்களில் பின்னால் எழும் வழக்குகளில் பெரும்பாலானவை பதிப்பாளரிடமிருந்து தொடங்குவதில்லை. எழுதிய இருவரும் தங்களுக்குள் பேசாமல் விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

நம் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருந்தால், வாரத்தில் எந்த நாள் யாருக்குத் தண்ணீர் முறை, மோட்டார் எரிந்துபோனால் செலவை எப்படிப் பிரிப்பது, வண்டித்தடம் யார் நிலத்தின் வழியாகப் போகிறது என்பதையெல்லாம் பாகப்பத்திரத்தில் எழுதித்தான் வைக்கிறார்கள். அப்படி எழுதியதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் மாப்பிள்ளையிடமும் அதே இயல்போடு பேச்சை எடுக்கலாம். இருவர் எழுதிய நூல் என்றால் எந்தப் பொறுப்பான பதிப்பாளரும் இருவர் கையெழுத்தையும் கேட்பார். அதற்கு முன்னால் நாமே ஒன்றை எழுதி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அது உண்மையும்கூட.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவரும் நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவரது பங்களிப்பை மற்றவரது பங்களிப்பிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி இருவர் கூடி உருவாக்கியதையே கூட்டுப் படைப்பு என்கிறது. நீங்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறி எழுதுகிறீர்கள் என்பது இங்கே ஒரு சிக்கலான செய்தி. நாளை மனத்தாங்கல் ஏற்பட்டால், ஒற்றைப்படை அத்தியாயங்கள் என்னுடையவை, இரட்டைப்படை அத்தியாயங்கள் உன்னுடையவை என்று ஒருவர் வாதிட இடம் இருக்கிறது. அந்த வாதம் வென்றாலும் தோற்றாலும் நாவலை யாராலும் வெளியிட முடியாமல் போகும். ஆகவே, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி எழுதி முழுமையாக்கியதால் மூன்று பாகங்களும் பிரிக்க முடியாத கூட்டுப் படைப்பே என்றும், அதில் இருவருக்கும் சம பங்கு என்றும் உங்கள் ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பங்கு சமம் இல்லை என்று இருவருமே கருதினால் அதற்குரிய விழுக்காட்டை எழுதுங்கள். எதுவும் எழுதாமல் விடுவதுதான் கூடாது.

அடுத்து எழுத வேண்டியவை நாவலின் எதிர்காலத்தைப் பற்றியவை. யாராவது ஒருவர் வேலை, குடும்பம் காரணமாக இரண்டாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டால் மற்றவர் மூன்றாம் பாகத்தைத் தனியே எழுதலாமா? எழுதினால் விலகியவருக்கு அதில் வருமானப் பங்கு உண்டா, அட்டையில் பெயர் உண்டா? அதே நகரத்தையும் அதே குடிகளையும் வைத்து ஒருவர் மட்டும் ஒரு சிறுகதையோ வெப் தொடருக்கான திரைக்கதையோ எழுதிக் கொடுக்கலாமா? மிகுபுனைவில், அதாவது ஃபேன்டஸியில், கதையைவிட அந்த உலகத்துக்குத்தான் ஆயுள் அதிகம். ஆகவே மற்ற நாவல்களுக்குத் தேவைப்படாத இந்தக் கேள்வி உங்களுக்குக் கட்டாயம் தேவைப்படுகிறது. கருத்து வேறுபட்டு முடிவு எட்ட முடியாத நேரத்தில் யார் சொல்வது செல்லும் என்பதற்கு, இருவரும் மதிக்கும் மூன்றாம் நபர் ஒருவரின் பெயரை இப்போதே குறித்துவைக்கலாம். மறைவுக்குப் பிறகு வாரிசுகளில் யார் கையெழுத்திடுவார் என்பதையும் எழுதுங்கள். கூட்டுப் படைப்பின் பதிப்புரிமை, இருவரில் பின்னால் மறைபவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிப்பதால், இன்று பள்ளிக்குப் போகும் உங்கள் பிள்ளைகள்தான் அதைக் கையாளப் போகிறார்கள். இவற்றை எளிய தமிழில் முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டு, ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

அட்டையில் பெயர் வரும் வரிசை இவ்வளவு பெரிய கேள்வி அல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் ‘சுபா’ என்ற ஒரே பெயரில் எழுதி, பல்லாண்டுகளாகத் தமிழ் வாசகர்களிடம் ஒரே எழுத்தாளரைப் போல நிலைபெற்றிருப்பது நீங்கள் அறிந்ததே. தொடர் நாவலுக்கு ஒற்றைப் புனைபெயர் கடை அடுக்கிலும் இணையத் தேடலிலும் வசதியானது என்பது என் கருத்து. ஆனால் புனைபெயரில் வெளியாகும் நூலுக்கு, எழுதியவர் யார் என்று வெளிப்படுத்தாதவரை, பதிப்புரிமைக் காலம் வெளியான ஆண்டிலிருந்துதான் கணக்கிடப்படும். ஆகவே அட்டையில் புனைபெயர் இருந்தாலும் பதிப்புரிமைப் பக்கத்தில் இருவரின் இயற்பெயரும் அச்சாக வேண்டும். இரண்டு பெயர்களையும் அட்டையில் போடுவதாக முடிவு செய்தால் அகர வரிசையைப் பின்பற்றுங்கள். மூத்தவர் என்பதால் உங்கள் பெயர் முதலில் என்ற ஏற்பாடு வேண்டாம்.

இனிக் கைப்பிரதிக்கு வருகிறேன். கற்பனை வளத்தைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் அகழ்வாய்வில் கிடைத்த மணி செய்யும் தொழிற்கூடத் தடயங்களையும் இரும்பு உருக்கிய உலைகளையும் படியூர்ப் பச்சைக்கல்லையும் அடித்தளமாகக் கொண்டு, அவற்றின் பெயரைச் சொல்லாமலேயே ஒரு நகரத்தைக் கட்டியிருக்கிறீர்கள். நீங்கள் வேதியியல் ஆசிரியர் என்பது உலை பற்றிய பக்கங்களில் தெரிகிறது. ஊதுகுழாயின் வாய் எந்த நிறத்துக்கு வந்ததும் காற்றைக் குறைக்க வேண்டும் என்று கிழவர் சொல்லித்தரும் இடம் மிக நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பதிப்பகத்தில் இதைப் படிக்கப்போகிறவர் முதல் இருபது பக்கங்களில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவார்: இரண்டு கைகள் தனித்தனியாகத் தெரிகின்றன.

மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி, தனக்குத் தொழில் கற்றுத்தரும் அந்தக் கிழவரை ‘அப்புச்சி’ என்று அழைக்கிறாள். ஆறாம் அத்தியாயத்தில் அதே கிழவரை ‘அப்பாரு’ என்கிறாள். வேறு வட்டார வாசகர் இதைக் கவனியாமல் போகலாம். ஈரோட்டிலோ கோவையிலோ இருக்கும் ஒரு வாசகருக்கு, தாயின் தந்தை எப்படித் தந்தையின் தந்தையானார் என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழும். உங்கள் கதையில் நீலக்கல் தாய்வழியாகத்தான் இறங்கி வருகிறது என்பதால் இது வெறும் எழுத்துப்பிழை அன்று. கதையின் முடிச்சே இதனால் அவிழ்ந்துபோகிறது. அதேபோல் இரண்டாம் அத்தியாயத்தில், கல்லைப் பயன்படுத்துகிறவர் ஒவ்வொரு முறையும் தன் வாழ்வின் ஒரு நாளை மறந்துவிடுவார் என்று ஒரு விதியை வைக்கிறீர்கள். கதையின் ஆகச் சிறந்த எண்ணம் அதுதான். ஐந்தாம் அத்தியாயத்தில் படைத்தலைவன் ஒரே இரவில் நாற்பது வீரர்களின் காயத்தைக் கல்லால் ஆற்றுகிறான்; விடிந்ததும் எதையும் மறக்காமல் எழுந்து வந்து உணவு கேட்கிறான். மாயம் எதையும் செய்யலாம் என்றால் வாசகருக்குப் பதற்றம் இருக்காது. உடுக்கடிப் பாட்டில் அண்ணன்மார் கதையை இரவிரவாகக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு மாயத்தில் நம்பிக்கைக் குறைவே கிடையாது. ஆனால் வரம் என்றால் அதற்கு ஒரு கெடுவும் இருக்கும் என்பதை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் நாவலின் குறிப்பேட்டுக்குப் பொறுப்பு: உறவுமுறை, ஊர்களுக்கு இடையிலான தூரம், காலக்கணக்கு, கல்லின் விதிகள், யார் யாரிடம் எந்தப் பேச்சுவழக்கில் பேசுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மற்றவர் இறுதி வரைவுக்குப் பொறுப்பு: முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை அவர் கை ஒருமுறை முழுதாக ஓடியிருக்க வேண்டும். கடிதத்தின் நடையையும் ஒற்றைப்படை அத்தியாயங்களின் நடையையும் வைத்துப் பார்த்தால், இறுதி வரைவை உங்கள் மாப்பிள்ளையும் குறிப்பேட்டை நீங்களும் எடுத்துக்கொள்வது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு விவரங்களில் பிடிப்பு அதிகம், அவர் வாக்கியங்களில் ஓட்டம் அதிகம். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்புவதை இன்றே நிறுத்துங்கள். யூனிகோடில் ஒரே கோப்பு, தேதியிட்ட பெயர், மின்னஞ்சலில் ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டால், எந்தத் திருத்தம் எப்போது வந்தது என்பதற்கும் அது சான்றாக இருக்கும். முடிந்ததும், உங்கள் குடும்பத்தைச் சேராத ஒரு வாசகரிடம் கொடுத்து, எந்தெந்த இடத்தில் எழுதியவர் மாறியதாகத் தோன்றுகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கோடுகள் சரியான இடங்களில் விழுந்தால் இன்னொரு வரைவு தேவை.

நீளத்தையும் பாருங்கள். டெமி அளவில் பக்கத்துக்கு 220 சொற்கள் என்று கொண்டால் 1,40,000 சொற்கள் சுமார் 640 பக்கம். அச்சகத்தில் பதினாறு பக்கங்கள் சேர்ந்த ஒரு மடிப்பை ஃபாரம் என்பார்கள்; அந்தக் கணக்கில் 40 ஃபாரம். அறிமுக எழுத்தாளர்களின் நூலில், அதுவும் மூன்றில் ஒரு பாகத்தில், இவ்வளவு காகிதத்தை முடக்கத் துணிகிறவர்கள் குறைவு. ஒரு லட்சம் சொற்களுக்குள் கொண்டுவந்தால் 29 ஃபாரத்தில் அடங்கும். முதல் அத்தியாயத்தில் மூன்று குடிகளின் நூற்றாண்டு வரலாற்றைச் சொல்லும் பதினொரு பக்கங்களை எடுத்துவிட்டாலே வேலை தொடங்கிவிடும். அந்த வரலாறு குறிப்பேட்டில் இருக்கட்டும்.

பணம் கேட்கும் பதிப்பகத்தைப் பற்றி. காசு வாங்கிக்கொண்டு நூலை அச்சிட்டுத் தருவது சட்டத்துக்குப் புறம்பான தொழில் அன்று. ஆனால் அது அச்சுச் சேவை, பதிப்பித்தல் ஆகாது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1,30,000 ரூபாய்க்கு 300 பிரதிகள் என்றால் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 433 ரூபாய் அடக்கம். நூலுக்கு 600 ரூபாய் விலை வைத்து, கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 390 ரூபாய். 300 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தாலும் நட்டம்தான். அவர்கள் அனுப்பிய செலவுப் பட்டியலில் ‘ஐஎஸ்பிஎன் கட்டணம்’ என்று ஒரு தொகை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐஎஸ்பிஎன் என்பது ஒரு நூலை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண். இந்தியாவில் அந்த எண்ணை வழங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. பொது நூலகங்களுக்கு நூலை வாங்கும் நூலக ஆணையைப் பெற்றுத் தருவோம் என்ற வாக்குறுதியையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தேர்வு பொது நூலகத் துறையின் கையில் இருக்கிறது. எல்லாப் பக்கமும் முயன்ற பிறகு சொந்தச் செலவில் போடுவதாகவே முடிவு செய்தால், பக்க வடிவமைப்புக் கோப்பு உங்களுக்குச் சொந்தம், உரிமை எதையும் எழுதிக்கொடுக்கவில்லை என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, நேரடியாக ஓர் அச்சகத்திடமே விலை கேளுங்கள்.

மற்றப் பதிப்பகங்களை அணுக இங்கே முகவர்கள் என்று சொல்லத்தக்க ஏற்பாடு பெரிதாக இல்லை. நேரடியாகத்தான் எழுத வேண்டும். யாருக்கு எழுதுவது என்பதைக் கண்டுகொள்ள நம் ஊர்ப் புத்தகக் காட்சிகளைப் பயன்படுத்துங்கள். ஜூலையில் கோவைக் கொடிசியா வளாகத்தில் நடப்பதும், ஆகஸ்டை ஒட்டி ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்துவதும் உங்கள் இருவருக்கும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. ஞாயிறு மாலைக் கூட்டத்தில் போகாமல் வேலைநாள் மதியத்தில் போய், மிகுபுனைவோ அதற்கு நெருக்கமான சரித்திரப் புனைவோ வெளியிடும் அரங்குகளில் நின்று, அவர்கள் நூல்களின் தாள், மெய்ப்பு (அச்சுப்பிழை திருத்தம்), பின்னட்டை வாசகம் ஆகியவற்றைப் பாருங்கள். அறிமுகம் செய்துகொள்ளலாம், கைப்பிரதிக் கட்டை அங்கே நீட்ட வேண்டாம். விற்பனைக்கு நடுவில் வாங்கி வைத்த கட்டு எந்தப் பெட்டிக்குள் போனது என்று அவர்களுக்கே தெரியாது.

அனுப்புவது ஒரு பக்கக் கடிதமும், முடிவை மறைக்காமல் முழுக் கதையையும் சொல்லும் இரண்டு பக்கச் சுருக்கமும், முதல் மூன்று அத்தியாயங்களும் மட்டுமே. நூல் மூன்று பாகம் என்பதைச் சொல்லுங்கள். அதோடு முதல் பாகம் தனியாகவே முழுமை பெறுகிறது என்பதையும் சொல்லுங்கள். இப்போது உங்கள் முதல் பாகம் ஒரு கொலையின் நடுவில் நிற்கிறது. அதை மாற்றாமல் இந்த வாக்கியத்தை எழுத முடியாது. பதிப்பாளர் பேச வேண்டியவர் யார் என்று இருவரில் ஒருவரை மட்டும் குறிப்பிடுங்கள். இருவரும் மாறி மாறி அழைத்து வெவ்வேறு செய்தி சொன்னதால் கைநழுவிப்போன நூல்கள் உண்டு. கொடுமணலைப் பற்றி இரண்டு வரி எழுதுங்கள். பதிற்றுப்பத்து பேசும் ஊர் இன்றும் சென்னிமலைப் பக்கத்தில் இருக்கிறது, நாங்கள் அதன் அருகிலிருந்து எழுதுகிறோம் என்பது எந்தப் பதிப்பாளரையும் ஒரு கணம் நிறுத்தும். அக்டோபர் முதல் ஜனவரி வரை அனுப்பாதீர்கள். பொங்கலை ஒட்டிய சென்னைப் புத்தகக் காட்சிக்கான வேலையில் அவர்கள் மூழ்கியிருப்பார்கள். பிப்ரவரி, மார்ச் ஏற்ற மாதங்கள். கதையைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களில் தெரிகிறது. எண்ணத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இலேயே தெளிவாக்கிவிட்டது. உங்கள் சொற்களுக்கோ எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. மனநிம்மதிக்காகப் பதிவு செய்வதானால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய்.

இடைக்காலத்தில் கிண்டிலில் போட்டுவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். முழு நாவலையும் இணையத்தில் விட்ட பிறகு அச்சுக்கு வரச் சொன்னால் சில பதிப்பாளர்கள் தயங்குவார்கள். அதே உலகத்தில் நடக்கும் ஒரு குறுங்கதையை மட்டும் போட்டு வரவேற்பைப் பார்க்கலாம். வருமானம் ஒரே கணக்குக்குத்தான் வரும் என்பதால், அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதும் உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும்.

பதிப்பாளர் ஒப்புக்கொண்டு ஒப்பந்தம் அனுப்பினால், மகிழ்ச்சியில் அன்றே கையெழுத்திடாதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பது அதில் சொல்லப்பட வேண்டும் என்பது சட்டம். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது உங்களிடமே திரும்பும். அச்சு உரிமையை மட்டும் கொடுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டாம், மூன்றாம் பாகங்களை முதலில் பார்க்கும் வாய்ப்பைத் தருவதில் தவறில்லை. எழுதி முடிக்காத பாகங்களின் உரிமையை முன்கூட்டியே கொடுப்பது தவறு. ராயல்டி பெரும்பாலும் அட்டை விலையில் பத்து விழுக்காடு. 500 ரூபாய் நூலில் 500 பிரதி விற்றால் 25,000 ரூபாய், ஆளுக்கு 12,500. இந்தத் தொகையை மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அது ஒருவருடைய கணக்குக்குப் போய் மற்றவருக்கு வர வேண்டியதில்லை. இருவர் வங்கிக் கணக்குக்கும் பாதிப் பாதியாகப் பதிப்பகமே அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம், பெரும்பாலோர் மறுப்பதில்லை.

மூன்று மாதம் வரை பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்; அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த பதிப்பகத்துக்கு எழுதலாம். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு அனுப்பினால் அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். காத்திருக்கும் மாதங்களில் இரண்டாம் பாகத்தைத் தொடர்வதைவிட, படைத்தலைவன் எந்த நாளை மறந்தான் என்பதை முதலில் எழுதி முடியுங்கள்.